ஒரு தீக்குச்சி, ஏழு பேர், 15,000 ரூபாய்!

தீப்பெட்டியில் ஒரு குச்சியின் விலை என்ன என்று யாராவது கணக்குப் போட்டிருக்கிறீர்களா? நான் போட்டிருக்கிறேன். பி.காம். படித்தவனுக்கு வேறென்ன வேலை! பெட்டி 2 ரூபாய். (பல வருஷம் ஒரு ரூபாயிலேயே நின்றது. 2021 டிசம்பரில்தான் இரண்டாக்கினார்கள்.) உள்ளே ஏறக்குறைய 50 குச்சி. ஆக, குச்சிக்கு 4 பைசா.

போன வருஷம் நான் கிழித்த ஒரே ஒரு குச்சிக்கு 15,000 ரூபாய் ஆயிற்று. கப்ஸா இல்லை ஸார், ரசீது இருக்கிறது. ரப்பர் ஸ்டாம்ப் வைத்த அரசாங்க ரசீது.

கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் முன்பு குமாஸ்தாவாக இருந்த ஆடிட் ஆபீஸ் நண்பர்கள் வருஷத்துக்கு ஒரு முறை எங்கேயாவது கிளம்புவார்கள். நான் வேலையை விட்டுவிட்டு எழுத வந்த பிறகும் என்னைக் கழற்றிவிடவில்லை. பாசம் ஒன்றும் இல்லை, வேன் வாடகையை ஆறால் வகுப்பதைவிட ஏழால் வகுப்பது லாபம். கிளம்புவது எப்போதும் பிப்ரவரி கடைசியில்தான். மார்ச் பிறந்துவிட்டால் ஆடிட் ஆபீஸில் மனுஷன் தலை நிமிர முடியாது. ஆகவே மூச்சுவிட மிச்சமிருக்கிற கடைசி சனி, ஞாயிறு.

காட்டுக்கும் அதே மார்ச் மாதம்தான் கஷ்டகாலம் என்று எங்களில் ஒருத்தனுக்கும் தெரியாது! இலையெல்லாம் உதிர்ந்து, புல்லெல்லாம் காய்ந்து, மலை முழுக்க எண்ணெய் தடவிய பஞ்சு மாதிரி காத்திருக்கிற காலம் அது. வனத்துறையில் அதைத் 'தீக்காலம்' என்கிறார்கள். நாங்கள் 'ட்ரிப் சீஸன்' என்கிறோம்.

இந்த முறை கொல்லிமலை. காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவு. பதினைந்தாவது வளைவில் 'ஜி.எஸ்.டி.' பாஸ்கர் வேனை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தான். நாற்பதாவது வளைவில் மீண்டும் எடுத்தான். ("இன்புட் கிரெடிட் கிடைக்குமாடா?" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல்.) வரும் வழியில் நாமக்கல்லில் 3 கிலோ கோழி வாங்கியிருந்தோம். நாமக்கல்லில் கோழி வாங்காமல் வந்தால் அந்த ஊருக்கே அவமானம் இல்லையா? கடையிலேயே பாத்ரூம் போகிற சாக்கில் தண்ணீர் வாங்கி, தயிர், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுப் பிசைந்து, ஓர் எவர்சில்வர் தூக்கில் அடைத்துக்கொண்டு வந்தோம்.

எங்களிடம் 'பார்பெக்யூ' அடுப்பு இருந்தது. ரமணன் ஆன்லைனில் வாங்கியது. சூட்கேஸ் மாதிரி மடியும். விரித்தால் நாலு கால். நாலில் மூன்றுதான் ஒரே உயரம். நாம் காலம் காலமாக 'சுட்ட கறி' என்று சொல்லி வந்ததை ஆயிரத்தெண்ணூறு ரூபாய் அடுப்பில் வைத்தால் அதற்குப் பெயர் பார்பெக்யூ. கூடவே 2 கிலோ கரி. சீமைக்கருவேலத்தை ராமநாதபுரம் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கிறார்களே, அதேதான். அட்டைப்பெட்டியில் போட்டு இங்கிலீஷில் பெயர் எழுதியதும் விலை மூன்று மடங்கு.

காட்டேஜ் வாசலில் ஒரு பெரிய ப்ளெக்ஸ் போர்டு: 'கேம்ப் ஃபயர் வசதி உண்டு'. பையனை விசாரித்தோம்.

"ஆயிரத்தைநூறு ஆகும் சார். வெறகு, ஏற்பாடு எல்லாம் நாங்களே."

ரமணன் எங்கள் குழுவின் நிரந்தரப் பொருளாளர். அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "நாலு கட்டை விறகுக்கு ஆயிரத்தைநூறா? காடு பூரா விறகுதான்யா கிடக்கு!"

"அப்படிப் போட்றாதீங்க சார். அந்தப் பக்கம் சரிவுல போவாதீங்க. இங்கன குழி வெட்டி வெச்சிருக்கோம், இதுலதான் போடணும்."

ரமணன் எங்களைப் பார்த்துக் கண்ணடித்தான். வியாபாரத் தந்திரமாம்! நாங்களும் தலையாட்டினோம். ஏழு பட்டதாரிகள் ஸார், அதில் இரண்டு பேர் சி.ஏ. இன்டர். ஒருத்தனுக்காவது அந்தப் பையன் உண்மையைச் சொல்கிறான் என்று தோன்ற வேண்டுமே!

சாயங்காலம் ஏழு மணிக்கு அடுப்பு, கரி, கோழி சகிதம் கிளம்பி, தோட்டத்தைத் தாண்டி அரைக் கிலோமீட்டர் நடந்து ஒரு சரிவுக்கு வந்து சேர்ந்தோம். அற்புதமான இடம். கீழே வெகு தூரத்தில் சமவெளி விளக்குகள் மினுக் மினுக். முழங்கால் உயரத்துக்குப் புல். கோழித் தூக்கை வைப்பதற்கென்றே யாரோ நட்டு வைத்த மாதிரி, வெள்ளையடித்த ஒரு கல் வேறு! அதன் மேல் தூக்கை வைத்தோம்.

கரி லேசில் பற்றுகிற சாதி இல்லை. கற்பூரத்தை வைத்து, தேங்காய் எண்ணெய் ஊற்றி, நான்தான் குச்சியைக் கிழித்தேன். முதல் குச்சி. அந்தப் பெருமையை இன்றுவரை யாரும் என்னிடமிருந்து பறித்ததில்லை, முக்கியமாக ரேஞ்ச் ஆபீஸில் கேட்டபோது. விசிறுவதற்கு ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கை. சும்மா சொல்லக்கூடாது, நல்ல கனமான ஆர்ட் பேப்பர். அந்தக் கம்பெனியின் லாபத்தைவிட அந்த அறிக்கையால் வந்த காற்று அதிகம்.

அடுப்போடு நிறுத்தியிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். கேம்ப் ஃபயர் இல்லாமல் ஃபோட்டோவா? பக்கத்திலேயே சுள்ளி பொறுக்கி இன்னொரு நெருப்பு. பாஸ்கர் (வாந்தி எடுத்து வயிறு காலியாகியிருந்ததால் உற்சாகமாக இருந்தான்) எங்கிருந்தோ ஒரு காய்ந்த மூங்கிலை இழுத்துவந்து அதில் செருகினான்.

உங்களுக்கு ஒரு விஷயம் தெரியுமோ? மூங்கிலின் ஒவ்வொரு கணுவுக்கும் நடுவில் காற்று அடைபட்டிருக்கும். சூடானால் அந்தக் காற்று விரியும். போக வழி கிடையாது. அப்புறம் என்ன, டமால்தான். தீபாவளிக்குப் புது டிரெஸ் போட்டுக்கொண்டு அணுகுண்டு வைத்தவர்களுக்கு அந்தச் சத்தம் புரியும். தணல் துண்டுகள் எட்டடி, பத்தடி பறந்து புல்லில் போய் உட்கார்ந்தன.

முதலில் சிரித்தோம். பாஸ்கர் இன்னும் ஃபோனை ஆட்டி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். காலால் மிதித்தால் போச்சு என்று நான் செருப்புக் காலோடு போனேன். ஒரு இடத்தை மிதித்தேன், அணைந்தது. திரும்பிப் பார்த்தால் நாலு இடத்தில். பகலில் மலைச்சரிவில் காற்று கீழேயிருந்து மேலே ஏறும், பொழுது சாய்ந்தால் மேலேயிருந்து கீழே இறங்கும். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்ததெல்லாம், யாரோ முதுகுக்குப் பின்னால் நின்று ஊதுகிற மாதிரி ஒரு காற்று வந்தது என்பதுதான். புல் 'சடசட'வென்று பேசத் தொடங்கியது. என் செருப்பின் அடிப்பாகம் உருகி, கால் தரையோடு ஒட்டுகிற மாதிரி இருந்தது.

தண்ணீர்? குடிக்கக் கொண்டுவந்த இரண்டு பாட்டில், பாதி பாதி. அப்புறம் இரண்டு லிட்டர் கோலா. அதையும் ஊற்றினோம். நெருப்புக்கு கோலா பிடிக்கும் போலிருக்கிறது, மேலும் உற்சாகமாயிற்று. ஃபோனில் சிக்னல் இல்லை. ஒருத்தன் சட்டையைக் கழற்றி அடித்தான். ரமணன் மட்டும் ஒன்றும் செய்யாமல் நின்றான். அவன் முகத்தைப் பார்த்தேன். பதினைந்து வருஷமாகத் தெரிந்த முகம், அடையாளமே தெரியவில்லை.

நான் அப்போது என்ன நினைத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. 'ஓடிவிடலாமா' என்று நினைத்தேன். வேனில் ஏறி, எழுபது வளைவும் இறங்கி, சேலத்தில் நின்று ஒரு டீ குடித்துவிட்டு, எங்களுக்கும் கொல்லிமலைக்கும் சம்பந்தமே இல்லை என்று...

அப்போதுதான் மேலே ஒரு டார்ச் வெளிச்சம். இரண்டு பேர் சரிவில் சறுக்கிக்கொண்டே ஓடி வந்தார்கள். ஒருவருக்கு அறுபதை ஒட்டிய வயது, காக்கிச் சட்டை, கைலி. இன்னொருவன் சின்னப் பையன். ஆளுக்கு ஒரு பச்சைக் கிளை, தழையோடு.

நான் நெருப்புக்கு நேர் முன்னால் நின்று சட்டையால் அடித்துக்கொண்டிருந்தேன். பெரியவர் தூரத்திலிருந்தே கத்தினார்: "டேய், முன்னாடி நிக்காத! கருகுன பக்கம் வா! கருகுன பக்கம் வா!"

எவ்வளவு எளிமையான விஷயம்! எரிந்து முடிந்த இடம் மறுபடி எரியாது. அங்கேதான் நிற்க வேண்டும். அங்கே நின்று பக்கவாட்டில் அடித்து, நெருப்பைக் குறுக்கிக்கொண்டே போக வேண்டும். முன்னால் போய் மறித்தால் அது நம்மைத் தாண்டித்தான் போகும். பிளஸ் டூ, டிகிரி, ஆர்டிகிள்ஷிப் எல்லாம் முடித்த எனக்கு முப்பத்தைந்து வயதில், 'டேய்' என்ற விளியோடு இந்தப் பாடம் கிடைத்தது. நாங்களும் கிளை ஒடித்துக்கொண்டோம். ஓங்கி அடிக்கக் கூடாதாம், பொறி பறக்கும். அமுக்கி அமுக்கி இழுக்க வேண்டுமாம். ஒரு இருபது நிமிஷம் இருக்கும். எனக்கு இரண்டு ஆடிட் சீஸன் மாதிரி இருந்தது.

அணைந்தது.

கருகின இடத்தைச் சென்னைக் கணக்கில் சொன்னால் ஒரு கிரவுண்டு. பெரியவர் டார்ச்சை அந்த வெள்ளைக் கல் மேல் அடித்தார். அதன் மேல் இன்னும் எங்கள் கோழித் தூக்கு.

"இது என்னான்னு தெரியுமா?"

"கல்லு..."

"ஆர்.எஃப். கல்லு. இந்தாண்ட பட்டா. அந்தாண்ட காப்புக்காடு. நீங்க கோழி வெச்சிருக்கறது கவருமெண்டு எல்லைக் கல்லு மேல."

டார்ச்சைக் கீழே திருப்பினார். வெளிச்சம் போன தூரம் வரை காய்ந்த மரம், காய்ந்த புல். "இன்னும் முப்பதடி போயிருந்தா மூங்கில் புதரு. அதுல எறங்கிட்டா அப்புறம் மூணு நாளு. மேலயிருந்து நாங்க ஆறு பேரு எறங்கணும், நடந்து. ராத்திரில."

இதைக் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் டைமிங் சொல்கிற மாதிரி சொன்னார். அவர் தீத்தடுப்புக் காவலராம். தீக்காலத்துக்கு மட்டும் எடுக்கிற ஆள். பிப்ரவரியில் வேலை வரும், மழை வந்தால் போய்விடும். எங்கள் ஆபீஸில் மார்ச் சீஸனுக்கு மட்டும் எடுப்பார்களே டெம்பரரி, அந்த மாதிரி. அவர் முழங்கையில் ரோமமெல்லாம் பொசுங்கி, உள்ளங்கையில் பெரிய கொப்புளம். பாஸ்கர் பையில் இருந்த பர்னால் டியூபை நீட்டினான். "கொஞ்சமா வைய்யி" என்று கையை நீட்டிக்கொண்டு நின்றார், ஊசி போட்டுக்கொள்கிற பையன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு.

சரி, கிளம்பலாமா என்று பார்த்தால் பெரியவர் உட்கார்ந்துவிட்டார். "எங்க போறீங்க? விடிய வரைக்கும் இங்கதான். அணைஞ்சுதுன்னு யாரு சொன்னா?"

அடுப்புக் கரியின் மேல் நான் மண்ணைத் தள்ளி மூடப் போனேன். அதற்கும் திட்டு. மண்ணைப் போட்டு மூடினால் உள்ளே கரி போர்வை போர்த்திக்கொண்டு சுகமாகத் தூங்குமாம், காலையில் காற்று வந்து எழுப்பும். தண்ணீர் ஊற்ற வேண்டும், குச்சியால் கிளற வேண்டும், மறுபடி ஊற்ற வேண்டும், மறுபடி கிளற வேண்டும். கடைசியில் புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேர் வழியாகக்கூட நெருப்பு ஊர்ந்து போய் நாலடி தள்ளி எட்டிப்பார்க்குமாம். காட்டேஜிலிருந்து பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் சுமந்தோம். அரைக் கிலோமீட்டர், ஏழு பேர், ஆளுக்கு நாலு நடை. அந்தப் பையன் ஒன்றுமே சொல்லாமல் குடம் எடுத்துக் கொடுத்தான். சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

கோழியை அவருக்குக் கொடுக்கப் பார்த்தோம். "டூட்டில திங்க மாட்டேன்" என்றுவிட்டார். விடியற்காலையில் அது வாடை அடித்தது. 3 கிலோ.

என் பாட்டி ஒன்று சொல்வாள்: நெருப்பு, கடன், பகை மூன்றிலும் மிச்சம் வைக்கக் கூடாது. பேலன்ஸ் ஷீட் படித்த எனக்குக் கடன் மட்டும்தான் மண்டையில் ஏறியிருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு, குளிரில் பல் கிடுகிடுக்க, எதிரில் இதமாக ஒரு நெருப்பு வைத்துக்கொள்ளக்கூட முடியாமல் (கேட்டுப் பார்த்த பாஸ்கருக்குக் கிடைத்த பதிலை அச்சில் போட முடியாது!) உட்கார்ந்திருந்தபோது, பாட்டி ஒவ்வொரு ராத்திரியும் கோடி அடுப்பில் தண்ணீர் தெளித்துவிட்டுப் படுத்தது ஞாபகம் வந்தது.

* * *

காலையில் ரேஞ்ச் ஆபீஸ். வனச்சரகர் ஒரு பெண். எங்களைவிட வயது குறைவு. பெயர், வயது, தொழில் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், என் முறை வந்ததும் நிமிர்ந்தார்.

"எழுத்தாளரா? பத்திரிகையிலயா?"

"ஆமாங்க மேடம். வாரம் ஒரு பக்கம்... நகைச்சுவையா..."

"அப்ப இதையும் எழுதுங்க. கொல்லிமலைன்னு பேர் போட்டே எழுதுங்க."

எழுதிவிட்டேன் மேடம்.

அவர் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். காப்புக்காட்டில் தீ மூட்டுவது தமிழ்நாடு வனச்சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் 1882-ஆம் வருஷத்தியது, வெள்ளைக்காரன் போட்டது. காட்டில் நெருப்பு வைத்தால் என்ன ஆகும் என்பது 1882-லேயே தெரிந்திருக்கிறது, நமக்குத்தான் இன்னும் செய்தி வந்து சேரவில்லை. வனவிலங்கு சரணாலயமாக இருந்தால் 1972-ஆம் வருஷத்துச் சட்டம் வேறு சேரும். சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டக் கூடாது, எரிகிற தீயை அப்படியே விட்டுவிட்டும் வரக் கூடாது. 'நான் மூட்டவில்லை, அணைக்காமல் வந்தேன், அவ்வளவுதான்' என்ற சமாதானத்துக்கு அங்கே இடமில்லை.

நாங்கள் 'இணக்கக் கட்டணம்' என்ற பெயரில் 15,000 கட்டி வெளியே வந்தோம். முப்பதடி தள்ளி அந்த மூங்கில் புதரில் இறங்கியிருந்தால் கட்டணத்தோடு போயிருக்காது. கோர்ட்டு.

காட்டுக்கு வெளியே? மொட்டைமாடி, பீச், வயல்வெளி? அங்கும் சும்மா இல்லை. நெருப்பை அஜாக்கிரதையாகக் கையாண்டு பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இது 1860-ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்திலேயே 285-வது பிரிவாக இருந்தது. அபராதம் 1,000 ரூபாய் வரை. 2024 ஜூலை 1-ஆம் தேதி அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 287-வது பிரிவு. அபராதம் 2,000 ரூபாய் வரை.

பி.காம். மூளை சும்மா இருக்குமா? 164 வருஷத்தில் ஆயிரம் இரண்டாயிரமாயிற்று. தனி வட்டிக் கணக்கில் வருஷத்துக்கு 0.61 சதவீதம்! எந்தப் பாங்கிலும் இவ்வளவு மோசமான வட்டி கிடையாது. 1860-ல் ஆயிரம் ரூபாய் என்றால் ஒரு ஆள் நிலத்தை விற்று ஓட வேண்டும். இன்றைக்கு 2,000 ரூபாய் என்பது ரமணனின் அடுப்பும் ஒரு மூட்டைக் கரியும். இதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் ஆத்திரம்தான். ஆறு மாதச் சிறை என்பது பயமுறுத்தத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்லவில்லை.

இன்னொரு ஆத்திரமும் உண்டு. மலை ஏறுகிற வழியில் 'காட்டுத் தீயைத் தடுப்போம்' என்று வனத்துறை எழுதி வைத்த போர்டு, திரும்பும்போதுதான் கண்ணில் பட்டது. பாதி எழுத்து அழிந்து, மீதியை ஒரு செடி மூடியிருந்தது. 'கேம்ப் ஃபயர் வசதி உண்டு' என்ற போர்டுகளோ விளக்குப் போட்டு மின்னுகின்றன. ஒன்றைத் தடுக்கிறவனைவிட விற்கிறவனின் கையெழுத்து எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும் போலிருக்கிறது. நான் அந்தப் பையனைச் சொல்லவில்லை. அவன் குழி வெட்டி, சுற்றிலும் செதுக்கி, பக்கத்தில் டிரம்மில் தண்ணீர் வைத்திருந்தான். அந்த டிரம் தண்ணீரைத்தான் நாங்கள் குடம் குடமாகச் சுமந்தோம்.

* * *

குரங்கணி ஞாபகம் இருக்கிறதா? தேனி மாவட்டம், 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. மலையேறப் போன முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் காட்டுத் தீயில் சிக்கிக்கொண்டார்கள். சென்னையிலும் திருப்பூர், ஈரோடு பக்கமும் நம்மைப் போல வாரம் முழுக்க ஆபீஸில் உட்கார்ந்துவிட்டு, சனி ஞாயிறுக்குக் கிளம்பிய சின்ன வயசுக்காரர்கள். பெண்கள் நிறையப் பேர். விமானப்படை ஹெலிகாப்டர் வந்தது. ஊர்க்காரர்கள் போர்வையில் தொட்டில் கட்டித் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவராக இறந்து, கணக்கு 23-ல் போய் நின்றது. அவர்கள் யாரும் நெருப்பு வைத்தவர்கள் அல்ல. எங்கேயோ எரிந்த நெருப்பு அவர்களிடம் வந்து சேர்ந்தது.

அதைத் தொடர்ந்துதான் மலையேற்றத்துக்குத் தனியாக விதிகள் போட்டார்கள், அதே 2018-ல். 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, ஆன்லைனில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போகிற ஏற்பாட்டைத் தொடங்கியது. 2025-ல் பிப்ரவரி 15-லிருந்து ஏப்ரல் 15 வரை அந்தப் பாதைகளை மூடினார்கள். காரணம், தீக்காலம். மூடியபோது 'எங்கள் வீக் எண்ட் போச்சே' என்று புலம்பியவர்களில் எங்கள் பாஸ்கரும் ஒருவன். இப்போது புலம்புவதில்லை.

மலைச்சரிவில் நெருப்புக்கு ஒரு கணக்கு இருக்கிறது. சரிவு 10 டிகிரி கூடினால், மேல் நோக்கி ஏறும் நெருப்பின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 20 டிகிரி என்றால் நாலு மடங்கு. கூட்டு வட்டி! மனுஷனுக்கோ நேர் எதிர், சரிவு கூடக்கூட வேகம் குறையும். மேல் நோக்கி ஓடி நெருப்பை ஜெயித்தவன் கிடையாது. அன்றைக்கு எங்கள் நெருப்பு கீழ்நோக்கிப் போனதால் கிளை ஒடித்து அடிக்க நேரம் கிடைத்தது. கீழேயிருந்து மேலே வந்திருந்தால் இந்த வாரம் இந்தப் பக்கத்தில் வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள்.

'சரி ஸார், காட்டுக்கே போகவில்லை, ரூமிலேயே போட்டுக்கொள்கிறோம்' என்கிற ஆசாமியா நீங்கள்? அது இன்னும் மோசம். 2024-ல் கொடைக்கானலில் அறை எடுத்துத் தங்கிய இரண்டு இளைஞர்கள், பார்பெக்யூ கரி அடுப்பை, குளிருக்கு இதமாக இருக்குமே என்று உள்ளே வைத்துக்கொண்டு கதவைச் சாத்திப் படுத்தார்கள். எழுந்திருக்கவில்லை. கரி புகையவில்லை என்றால் ஆபத்தில்லை என்று நினைக்கிறோம். கணகணவென்று சிவந்து, புகையே இல்லாமல் இருக்கும் கரியிலிருந்துதான் கார்பன் மோனாக்ஸைடு வருகிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, இருமல் வராது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய சீட்டில் துண்டு போட்டு உட்கார்ந்துவிடும். ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பிடி அதிகம், எழுப்பவே முடியாது. தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ரூம், டென்ட், வேன் எதுவாக இருந்தாலும் அந்த அடுப்பு வாசற்படிக்கு இந்தப் பக்கம் வரக் கூடாது. அணைத்தாயிற்று என்று நினைக்கிற அடுப்பும்தான்.

* * *

ஊருக்குத் திரும்பிய மறுநாள் ரமணன் வழக்கம்போல எக்ஸெல் ஷீட் அனுப்பினான். வேன், டீசல், காட்டேஜ், நாமக்கல் கோழி (அடைப்புக்குறிக்குள்: 'ரைட் ஆஃப்'), பிளாஸ்டிக் குடம் ஒன்று உடைந்ததற்கு 150. கடைசி வரியில் 15,000. எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியாமல் அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தான். சட்டத்தை மீறியதற்குக் கட்டிய தொகையைத் தொழில் செலவில் காட்டி வருமான வரியைக் குறைக்க முடியாது. இது ஏழு பேருக்கும் நன்றாகத் தெரியும். காலேஜில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க் வாங்கிய விஷயம். குரூப்பில் ஒருத்தரும் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. ஆளுக்கு 2,143 ரூபாய் அனுப்பிவிட்டோம்.

பெரியவரின் கை ஆறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். அவரிடம் ஃபோன் நம்பர் வாங்கிக்கொள்ளவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை. எங்கள் ஏழு பேரின் பெயரும், அப்பா பெயரும், விலாசமும் அந்த ரேஞ்ச் ஆபீஸில் இருக்கிறது. எங்களிடம் அவர் பெயர் இல்லை.

டிசம்பர் 31-ஆம் தேதி எங்கள் ஃப்ளாட் மொட்டைமாடியில் நியூ இயர் பார்ட்டி. மூன்றாவது மாடிக்காரர் புது அடுப்பு வாங்கியிருக்கிறார், பார்பெக்யூ போடுகிறாராம். அஸோசியேஷன் செக்ரட்டரியிடம் அனுமதி வாங்கியாயிற்று, மாடிக் கதவுச் சாவி யாரிடம் இருக்க வேண்டும், தண்ணீர் டேங்க்குக்குப் பக்கத்தில் போடக் கூடாது, துணி காயப்போட்ட கொடிக்குக் கீழே கூடவே கூடாது என்று ஒரு பெரிய விவாதமே நடந்தது. நான் எட்டு மணிக்கு பாத்ரூமிலிருந்து இரண்டு பக்கெட் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். லிஃப்டில் தளும்பும் என்று மனைவி திட்டியதால் நாலு மாடியும் நடை. இரண்டாவது மாடியில் ஒருவர் கதவைத் திறந்து பார்த்தார்.

"என்ன ஸார், பார்ட்டிக்கு மேலயே குளிச்சிட்டுப் போகப் போறீங்களா?"

பக்கெட்டைக் கீழே வைத்து மூச்சு வாங்கினேன். "இல்ல ஸார். இன்னும் ரெண்டு பக்கெட் வேணும். உங்க வீட்டுல இருக்கா?"